இரண்டு விரற்கடை குறைந்த கயிறு

ஆயர்பாடியில் யசோதை கண்ணனைக் கட்டிப்போட முயன்ற கதையை அறியாத பக்தர் இல்லை. தயிர்த்தாழியை உடைத்துவிட்டு ஓடிய பிள்ளையைத் துரத்திப் பிடித்து, உரலோடு பிணைக்கக் கயிறு எடுத்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. இன்னொரு கயிற்றை எடுத்து முடிந்தாள். அப்போதும் அதே இரண்டு விரற்கடை. வீட்டில் இருந்த கயிறெல்லாம் சேர்ந்தும் அந்தக் குறை நிரம்பவில்லை. உடல் வேர்த்து, கூந்தலில் சூடிய பூ உதிர்ந்து, அவள் களைத்து நின்றதைக் கண்ட பிறகே பகவான் தாமாகக் கட்டுண்டார் என்கிறது ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம். உபந்யாசகர்கள் இந்த இடத்தில் இறைவனின் எளிமையை விரித்துரைப்பார்கள். உரைக்க வேண்டியதே. அந்தத் தாயின் வேர்வையைப் பற்றி நின்று பேசுவோர்தாம் குறைவு.

பெரியாழ்வார் பேசினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய அம்மகான், தம்மை யசோதையாகவே பாவித்துப் பாடியபோது, பிள்ளையின் அழகோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொட்டிலிலும் இடுப்பிலும் மார்பிலும் ஓய்ந்திராத அப்பிள்ளையால் தாயின் உடம்பு இளைத்துப்போனதையும் பாசுரத்தில் வைத்தார். பிள்ளையை வளர்ப்பதில் தாய் சோர்ந்துபோவது குற்றமன்று, பெருமாள் திருமுன்பே சொல்லத் தகுந்த செய்திதான் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சுற்றி, கரிசலும் சீமைக்கருவேலமுமாக வானம் பார்த்துக் கிடக்கும் பூமி உண்டு. அப்பக்கத்தில், காரியாபட்டி வட்டத்தில், சென்னகேசவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் மல்லாங்கிணறு. புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் அத்தகைய ஊர்க் கோயிலுக்கு ஒரு குடும்பம் வருவதாக வைத்துக்கொள்வோம். அப்பத்தா, மருமகள், எட்டு வயதுப் பேரன். வரிசையில் ஐந்து நிமிடம் ஆவதற்குள் பையன் தடுப்புக் கம்பியில் ஏறி இறங்கிவிட்டான். யாரோ ஒருவருடைய அர்ச்சனைத் தட்டில் இருந்த தேங்காயை உருட்டிவிட்டான். தீபாராதனை நேரத்தில் தாயின் கையை உதறிக்கொண்டு கொடிமரத்தை நோக்கி ஓடுகிறான். பின்னால் நிற்கும் ஒரு பெரியவர், “பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியவில்லையே அம்மா!” என்கிறார். அப்பத்தா மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அதே வாக்கியத்தை அவரே மருமகளிடம் இன்னொரு முறை சொல்கிறார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுள் பலர் வெறும் துறுதுறுப்பானவர்களே. வயது ஏற ஏற அடங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு சிலருடைய நிலை வேறு. உலக அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளிடம் காணப்படும் அந்நிலையைக் கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று தமிழில் சொல்கிறார்கள். மருத்துவர் வாயில் அது ஏ.டி.எச்.டி. என்று வரும். கேட்டதும் பெரிய நோய்போலத் தோன்றுகிறது. அறிவு மங்குவதோ மனம் பேதலிப்பதோ இதில் இல்லை. தன்னை நிறுத்திக்கொள்வது, காத்திருப்பது, தொடங்கியதை முடிப்பது, சொன்னதை மனத்தில் வைத்திருப்பது ஆகிய திறன்கள் வயதுக்கேற்ப வளராமல் பின்தங்கி நிற்பதே இதன் இயல்பு. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்பிள்ளைகளின் மூளையைப் பல ஆண்டுகள் படமெடுத்துப் பார்த்து, மூளையின் புறப்பகுதி முதிரும் கட்டம் மற்ற பிள்ளைகளைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் தாமதமாக வருவதைக் கண்டார்கள். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருப்பவனிடம் சில விஷயங்களில் ஐந்து வயதுப் பிள்ளையின் நிதானமே இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தை கோயில் வரிசையில் ஓடினால் எவரும் தாயை ஏசுவதில்லை.

பெரியவர்கள் இதைக் கேட்டவுடன் எழுப்பும் முதல் வினா நியாயமானது. “கைப்பேசியைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, அவனுக்கா கவனம் இல்லை?” கரிசல்காட்டுக்காரருக்கு இதற்கு விடை சொல்வது எளிது. கண்மாயில் தண்ணீர் இல்லாமல் இல்லை. மடைதான் நினைத்தபோது திறக்கவும் நினைத்தபோது அடைக்கவும் வரவில்லை. கைப்பேசித் திரை நொடிக்கொரு புதுமையைத் தந்து, மடையைத் தானே இழுத்துத் திறந்துவிடுகிறது. ஏழாம் வாய்பாடு அப்படி எதையும் தருவதில்லை. அதற்கு மடையை உள்ளிருந்து திறக்க வேண்டும். அந்தக் கைதான் இப்பிள்ளைக்கு இன்னும் வலுப்பெறவில்லை. ஆகவே, ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்ற தீர்ப்பு, பார்வைக்குச் சரியாகவும் உண்மையில் தவறாகவும் இருக்கிறது.

இரண்டாவது வினா, “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்பது. இருந்தது. பெயர்தான் வேறு. வாலு என்றார்கள், அடங்காப்பிடாரி என்றார்கள். அவர்களுள் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கவோ, பருத்திக் காட்டு வேலைக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ போனார்கள். ஓடியாடித் திரிவதற்குக் காடும் கண்மாய்க்கரையும் இருந்தன. மூன்று வயதில் வகுப்பறையில் உட்கார வேண்டும், மாலையில் தனிவகுப்புக்குப் போக வேண்டும், இரவில் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அன்றைக்கு இல்லை. மருத்துவ உலகிலும் இது நேற்று முளைத்த செய்தியன்று. 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவின்றியும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஓட்டமும் குதிப்பும் இல்லாமல், சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பேத்திக்கும் இந்நிலை இருக்கலாம். கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதை மறந்து வருவாள். நோட்டைத் தொலைப்பாள். கேட்டதற்கு விடை சொல்லாமல் விழிப்பாள். யாருக்கும் தொல்லை தராத காரணத்தாலேயே இவளை மருத்துவரிடம் அழைத்துப் போக எவருக்கும் தோன்றுவதில்லை. ‘மந்தம்’ என்ற ஒரே சொல்லில் அவள் கணக்கு முடிக்கப்படுகிறது.

திருச்சுழிப் பக்கத்துக் குடும்பங்களில் இப்பேச்சு வரும்போதெல்லாம் ஓர் ஆறுதல் உடனே கிடைப்பதுண்டு. “பகவான் ரமணரும் பள்ளிக்கூடப் படிப்பில் மனம் வைக்காதவர்தானே?” உண்மைதான். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன வேளையில், திருச்சுழியில் சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் பிறந்த வேங்கடராமன், பாடப் புத்தகத்தைவிடப் பந்தாட்டத்திலும் மல்யுத்தத்திலும் நாட்டம் கொண்ட சிறுவனாகவே வளர்ந்தார். 1892-இல் தந்தை மறைந்தபின், மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தார். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 அன்று, படிக்காமல் போன ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவர வேண்டும் என்ற தண்டனையை நிறைவேற்றிக்கொண்டிருந்தவர், பாதியில் அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த தமையன் நாகசாமி, இப்படி இருப்பவனுக்கு இந்தப் படிப்பும் வசதியும் எதற்கு என்று கடிந்துகொண்டார். அச்சொல்லில் இருந்த உண்மையை ஏற்றுக்கொண்டு புறப்பட்ட அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை அருணாசலேசுவரர் சன்னிதியில் நின்றதை அன்பர்கள் அறிவார்கள்.

மகரிஷியின் இளமைக்கு மருத்துவப் பெயர் சூட்டுவது அபசாரம் மட்டுமன்று, பொருளற்றதும்கூட. அன்று அவர் பாடத்தைத் தள்ளியது கவனம் சிதறியதால் அன்று. கவனம் முழுவதும் உள்ளே திரும்பிவிட்டதால். அதனால்தான் அந்த ஆறுதல் நம் பேரப்பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை. பாடத்தை எழுத முடியாமல் தவிக்கும் பிள்ளையைப் பார்த்து, “இவன் பெரிய மகானாக வருவான்” என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவது, அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தள்ளிப்போடுகிறது. அந்த வரலாற்றில் நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துவது தமையனின் சொல்தான். ‘உனக்கு எதற்குப் படிப்பு?’ ‘உன்னைத் திருத்தவே முடியாது.’ ‘உன் தங்கையைப் பார்.’ ஓய்வில்லாப் பிள்ளை இவற்றைக் காலையில் பல் துலக்கும்போது தொடங்கி இரவு படுக்கும்வரை கேட்கிறது. வேங்கடராமனுக்கு ஒருமுறை சொன்ன சொல் கதவைத் திறந்தது. நாள்தோறும் கேட்கும் சாதாரணப் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள், தான் கெட்டவன் என்று முடிவுக்கு வந்துவிடுகிறது. இந்நிலை கவனிக்கப்படாமல் வளரும் பிள்ளைகளிடம் பின்னாளில் மனச்சோர்வும் படிப்பு நிற்பதும் விபத்துகளும் கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

விபத்து என்றதும் சாலை மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. பெயரிலேயே கிணற்றைக் கொண்ட ஊரும், தோட்டந்தோறும் தரைக்கிணறும் உள்ள பூமி இது. யோசிப்பதற்கு முன்பே கால் ஓடிவிடும் பிள்ளை இருக்கும் வீட்டில், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு வேலி அடைப்பதும், பையனுக்கு முறையாக நீச்சல் பழக்குவதும், எந்த அறிவுரையையும்விட முந்திச் செய்ய வேண்டிய காரியங்கள்.

அடியைப் பற்றி. ‘அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்ற பழமொழியோடு வளர்ந்த தலைமுறை இது. அடித்தால் பையன் அந்தக் கணம் அடங்குகிறான். ஆகையால் அடி பலித்தது என்று தோன்றுகிறது. நாளைக் காலை அதே தவறு. காரணம், அவன் நேற்றைய அடியை மறந்தவன் அல்லன். ஆசை எழும் கணத்துக்கும் கை நீளும் கணத்துக்கும் நடுவே அந்த நினைவு வந்து நிற்க அவனுக்கு இடைவெளி இல்லை. அடியின் அளவை நாளுக்கு நாள் கூட்டுவதைத் தவிர அந்த வழியில் மேலே போக இடமில்லை. யசோதையின் கயிறுபோல, எத்தனை முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறையும். அதைவிடக் கொடியது, அடங்காத பிள்ளைக்கு மிளகாய்ப்புகை காட்டுவது. அது வளர்ப்பும் அன்று, வைத்தியமும் அன்று.

அடியை விட்டால் வேறு என்னதான் செய்வது? திருச்சுழித் தலபுராணத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பிரளய வெள்ளம் பெருகிவந்தபோது ஈசன் அதை எதிர்த்துக் கரை எழுப்பவில்லை. தம் சூலத்தால் பூமியில் துளையிட்டார். வெள்ளம் சுழித்துக்கொண்டு அதனுள் இறங்கியது. சுழியல் என்ற பெயர் அதனால் வந்தது என்பர். திருமேனிநாதரைச் சேவிக்கும்போது இதைக் கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு, பெருகுவதற்கு வழி செய்வது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பள்ளிவிட்டு வந்த பையனை நேராகப் புத்தகத்தின் முன் அமர்த்தாமல், அரைமணி முக்கால்மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க ஓட விடலாம். சைக்கிள், சிலம்பம், கபடி, எதுவானாலும் சரி. அதற்குப் பிறகு பத்து நிமிடம் எழுத்து, எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் எடுத்து வருவது, மீண்டும் பத்து நிமிடம் எழுத்து. ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் கேட்டால் அழுகையில் முடியும். துண்டு துண்டாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நேரம் என்பது இப்பிள்ளைகளுக்கு உள்ளே தோன்றுவதில்லை. ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் பொருளே இல்லை. கோயில் நடைமுறையைப் பார்த்தால் இதற்கு வழி தெரியும். காலசந்தியும் உச்சிக்காலமும் சாயரட்சையும் அர்த்தசாமமும் பக்தரின் நினைவை நம்பி நடப்பதில்லை. மணி அடிக்கிறது, நடை திறக்கிறது, திரை விலகுகிறது. வெளியே இருந்து அறிவிப்பு வருகிறது, அதுவும் நாள்தோறும் அதே நேரத்தில், அதே வரிசையில். பேரனுக்கும் அப்படியே செய்யலாம். எழுவது, குளிப்பது, உண்பது, பையை எடுத்து வைப்பது என்று காலை வரிசையைப் பெரிய எழுத்தில், எழுதப் படிக்கத் தெரியாத வயதென்றால் படமாக, சுவரில் ஒட்டலாம். ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தில் மணி வைக்கலாம். கடிகாரம் சொன்னால் பையன் சண்டைக்கு வருவதில்லை, தாய் சொன்னால் வருகிறான் என்பதைப் பல வீடுகளில் காணலாம். சமையலறையிலிருந்து மூன்று வேலைகளைச் சேர்த்துக் கூவுவதைவிட, அருகில் போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்து, ஒன்றே ஒன்றைச் சொல்லி, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்லச் செய்வது பலன் தரும்.

பாராட்டு விஷயத்தில் பெரியவர்கள் சற்றுக் கஞ்சத்தனம் காட்டுவதுண்டு. கண்பட்டுவிடும் என்ற அச்சமும் அதில் கலந்திருக்கும். இப்பிள்ளைக்குப் பாராட்டு உடனடியாகத் தேவை, சிறியதானாலும் போதும். “முழுப்பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் சைக்கிள்” என்ற வாக்குறுதி ஏழு மாதத் தொலைவில் இருக்கிறது. அவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை. “செருப்பை ஓரமாக விட்டாயே, நன்று” என்பது இப்போதே கைக்குக் கிடைக்கிறது. ‘சமர்த்து’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டினால் அதையே மீண்டும் செய்வான். தவறுக்கு உண்டான விளைவும் அப்படியே: சிறியதாக, உடனே, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. தாய் மறுத்த கைப்பேசியைத் தாத்தா இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டால், அன்று அவன் கற்றுக்கொள்வது தாயின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை மட்டுமே. வீட்டில் இரண்டு சட்டம் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் கெடுதல். இப்பிள்ளைக்கு இருமடங்கு கெடுதல். கூத்தும் கூச்சலும் உச்சத்தில் இருக்கும்போது உபதேசம் எதுவும் காதில் ஏறாது. குரலைத் தாழ்த்தி, சொல்லைக் குறைத்து, அவன் தணியும்வரை அருகில் இருப்பதே அந்நேரத்து வேலை. பேச்செல்லாம் பிறகு.

இவற்றைச் செய்ய நிதானம் வேண்டும். ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, வேலைக்கோ கடைக்கோ தறிக்கோ போய்த் திரும்பும் மருமகளிடம் மாலை ஆறு மணிக்கு அது மிச்சம் இருப்பதில்லை. ஓய்வு பெற்ற தாத்தாவிடமும் பூஜை முடித்து அமர்ந்திருக்கும் அப்பத்தாவிடமும் இருக்கிறது. ஒருநாளில் ஒரு மணி நேரம் பேரனின் பொறுப்பை அவர்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டில் குரல் தணிவதை ஒரு மாதத்துக்குள் காணலாம். பிள்ளைக்கு இந்நிலை வந்தது தாயின் வளர்ப்பால் அன்று என்பதை மருத்துவ உலகம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதை அண்டை வீட்டார் முன்னிலையில் ஒருமுறை உரக்கச் சொல்ல மாமியார் ஒருவரால் மட்டுமே முடியும்.

கோயிலுக்கு அழைத்து வருவதா வேண்டாமா என்ற தயக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அழைத்து வரத்தான் வேண்டும். பிரதோஷக் கூட்டத்திலும் வைகுண்ட ஏகாதசி நெரிசலிலும் அன்று. நடை திறந்தவுடன், ஆளில்லாத வேளையில். வரிசைக்கு முன்பே பிராகாரத்தை ஐந்து சுற்று வேகமாகச் சுற்றிவிட்டால் கால் சற்று அடங்கும். கையில் ஒரு வேலை வேண்டும். துளசி மாலையை அவன் ஏந்தலாம், தீபத்துக்கு எண்ணெய் ஊற்றலாம், தூண்களில் எத்தனை யாளி என்று எண்ணிச் சொல்லலாம். கால்மணி நேரம் கழிந்து அவன் நெளியத் தொடங்கினால், தீர்த்தம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார். முழுப் பூஜையும் இருந்தாக வேண்டும் என்று பிடித்து வைத்தால், அவனுக்குக் கோயில் என்றாலே வசவு வாங்கும் இடம் என்று ஆகிவிடும்.

இனி மருந்து. ‘பைத்திய ஆஸ்பத்திரி மாத்திரையா, பச்சைப் பிள்ளைக்கா?’ என்ற கேள்வியில் அச்சமும் பாசமும் கலந்திருக்கின்றன, கேலி செய்யத்தக்கதன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோருக்கான பயிற்சியையே முதலில் தருவார்கள். அதற்கு மேற்பட்டவர்களில், அன்றாட வாழ்வே தடுமாறும் அளவுக்கு இருப்பவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் முதலான மருந்துகளை எழுதுவதுண்டு. அது மயக்கி உட்காரவைக்கும் மருந்தன்று. மடையைத் திறந்து அடைக்கும் கைக்குச் சில மணி நேரம் வலுவூட்டுவது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். ஆகவே எடையையும் உயரத்தையும் மருத்துவர் அவ்வப்போது குறித்துப் பார்ப்பார். 1999-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதங்கள் கவனித்தார்கள். கவனமாக அளவிட்டுத் தந்த மருந்து இந்நிலையின் முதன்மைக் குறைகளை நன்கு தணித்தது. அதனோடு பெற்றோர் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. நேர்த்திக்கடன் செய்வதும், தாயத்துக் கட்டுவதும், திருநீறு பூசுவதும் அவரவர் நம்பிக்கை. மாத்திரையோடு அவற்றுக்குச் சண்டை இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு வா என்று எவரேனும் சொன்னால், அங்கே போகாமல் இருப்பது நல்லது.

மருத்துவரிடம் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். இரத்தப் பரிசோதனையாலோ தலையைப் படமெடுப்பதாலோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டும் பார்த்துமே முடிவுசெய்வார்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா, வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா என்று விசாரிப்பார்கள். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, தூக்கம் எப்படி, வலிப்பின் சாயல் உண்டா என்பவற்றையும் பார்த்து, வேறு காரணங்களை விலக்குவார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து அதிகத் தொலைவு போக வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலத் துறை நெடுங்காலமாக இயங்குகிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர் கவனிக்க வேண்டிய முப்பது நிலைகளின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. அவர்களிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். 14416 என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்நேரமும் பேசலாம்.

போகும்போது வகுப்பாசிரியரிடம் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுப்பாட நோட்டு ஒன்றையும் எடுத்துப்போவது உதவும். அப்பத்தாவும் உடன் போகலாம். அவருக்குத்தான் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைத் தெரியும். பேரனின் சேட்டையை லேசாக்கிக் காட்ட வீட்டில் அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: “இவன் அப்பனும் இந்த வயதில் இப்படித்தான், ஓர் இடத்தில் நிற்கமாட்டான்.” இந்நிலை குடும்ப வழியில் வலுவாகத் தொடர்ந்து வருவது. ஆகவே மருத்துவர் அந்த வாக்கியத்தைச் சிரித்து ஒதுக்கமாட்டார். எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார் என்று மேலும் கேட்டு, சீட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்வார்.